லீட்டருக்கு எட்டே கால்

மூன்றாவது தடவையும் எட்டே கால்தான் வந்தது.

ராஜலிங்கம் பெற்றோல் ஷெட்டின் ஓரமாகக் காரை நிறுத்தி, பொனட்டின் மேல் டயரியை விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையாக வகுத்துப் பார்த்தார். போன வாரம் டாங்கியை நிரப்பியபோது மீட்டரில் இருந்த எண். இன்று நிரப்பியபோது இருக்கிற எண். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, இன்று உள்ளே போன லீட்டரால் வகுத்தால் எட்டே கால். முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் பார்சல் நிறுத்து, கிராம் பிசகாமல் முத்திரை ஒட்டிய கை அது. அந்தக் கை வகுத்த கணக்கில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் கார் மேல்தான்.

பின்னால் நின்ற வேன்காரன் ஹோர்ன் அடித்தான். ராஜலிங்கம் டயரியை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்ச் சுகிர்தாவிடம் என்ன சொல்வது என்று அம்பிட்டிய மேடு முழுக்க யோசித்துக்கொண்டே போனார்.

சுகிர்தா தெல்தெனியவில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெல்தெனியவுக்கு இன்னொரு பஸ் என்று இருபது வருடம் நின்றுகொண்டே போய் வந்ததில் அவளுடைய முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. ராஜலிங்கம் ஓய்வு பெற்ற கையோடு, "இனிமே உன்னை நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வாறேன்" என்று கார் பார்க்கத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த காசு போதவில்லை. சுகிர்தா தன் நாலு வளையலையும் கழற்றி மேசையில் வைத்தாள். வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் சம்பளம் முழுக்கப் பெற்றோலுக்கே போயிடாதே?"

"லீட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும். பன்னிரண்டு ஓடினா நமக்குத் தாராளம்."

"ஓடலேன்னா?"

"ஓடலேன்னா மாசக் கடைசியில நானே வித்துடுறேன். நீ ஒரு வார்த்தை பேச வேணாம்."

லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு டாக்டர் வைத்திருந்த வெள்ளைக் கார் அது. ஒரு கீறல் கிடையாது. கராஜ்காரன் இன்ஷாப் பார்த்துச் சொல்லி வாங்கியது. பன்னிரண்டு ஓடும் என்று சொன்னவனும் அவன்தான்.

அன்று சாயந்தரம் சுகிர்தா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு ஓடுதுங்க?"

"பதினொண்ணே முக்கால்" என்றார் ராஜலிங்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ப்ளக் மாத்தினா பன்னிரண்டைத் தாண்டும்."

சுகிர்தாவின் முகம் மலர்ந்தது. மறுநாள் அவள் அதை ஸ்டாஃப் ரூமில் சொன்னாள். அதற்கு மறுநாள் காலை கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சங்கீத டீச்சர் பாலாம்பிகை தன் ஆர்மோனியப் பெட்டியோடு நின்றார். இவ்வளவு சிக்கனமான காரில் இன்னொருவர் ஏறினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்பது அவருடைய நியாயம். அவர் நல்ல ஆகிருதியான பெண்மணி. ஆர்மோனியமும் அவர் ஆகிருதிக்குக் குறைந்ததல்ல. ராஜலிங்கம் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார். சொன்ன பொய்க்கு வந்த வட்டி என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

அவர்களைப் பாடசாலையில் இறக்கிவிட்டு நேரே இன்ஷாபின் கராஜுக்குப் போனார்.

இன்ஷாப் பொனட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் தங்கம் மாதிரி ஈக்கி அண்ணன்" என்றான்.

"தங்கம்னா ஏன் எட்டே கால் ஓடுது?"

"எங்க ஓடுறீங்க?"

"எங்க ஓடுவேன்? டவுனுக்குள்ளதான் பாதி நேரம்."

"அதான் விஷயம். ஸ்கூல் விடுற நேரம் கண்டி டவுனுக்குள்ள முதலாம் கியர்ல ஊர்ந்தா எந்த வாகனமும் எட்டுத்தான் குடுக்கும். லோங் ஓட்டம் ஒண்டு ஓடிப் பாருங்கொ. நேர் ரோட்ல நாப்பத்தஞ்சில பிடிச்சா அப்பிடியே பிடிச்சிக்கொண்டு போகணும். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. அப்ப தெரியும் பன்னிரண்டா பதினாலா எண்டு."

ராஜலிங்கத்துக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சுகிர்தாவை ஏற்றிக்கொண்டு திகன பக்கம் புறப்பட்டார். நேர் ரோட்டுக்கு வந்ததும் முள்ளை நாற்பத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம்.

கார் ஒரு பஸ்ஸைத் தாண்டியது. ஒரு வேனைத் தாண்டியது. சுகிர்தா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

"நாப்பத்தஞ்சுதான் போறேன்."

"மரமெல்லாம் ஓடுதுங்க."

"மரம் ஓடல. உனக்குத் தலை சுத்துது. காலையில சாப்பிடாம வந்தா இப்படித்தான்."

அவள் சாப்பிட்டுத்தான் வந்திருந்தாள். அது சீக்கிரமே தெரியவந்தது, ஏனென்றால் அடுத்த வளைவில் பொலிஸ்காரர் கை காட்டி காரை நிறுத்தியதும் சுகிர்தா கதவைத் திறந்துகொண்டு வடிகால் ஓரமாக ஓடினாள்.

பொலிஸ்காரர் மரியாதையான மனிதர். தன் கையிலிருந்த இயந்திரத்தைத் திருப்பிக் காட்டினார். "எழுபத்திரண்டு, மஹத்தயா. இது ஐம்பதில் போக வேண்டிய இடம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"நாற்பத்தைந்து" என்றார் ராஜலிங்கம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில். "வந்து பாருங்கள்." அவரைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டரைக் காட்டினார். நின்றுகொண்டிருந்த காரின் முள் பூச்சியத்தில் இருந்தது. பொலிஸ்காரர் முள்ளைப் பார்த்தார், ராஜலிங்கத்தைப் பார்த்தார், வடிகால் ஓரம் குனிந்து நின்ற சுகிர்தாவைப் பார்த்தார். பிறகு தண்டச் சீட்டை எழுதினார்.

திரும்பி வந்து டாங்கியை நிரப்பி வகுத்தபோது ஒன்பது வந்தது. நேர் ரோடு, ஒரே வேகம், ஒரு தண்டச் சீட்டு, இத்தனைக்கும் சேர்த்து ஒன்பது. ராஜலிங்கம் டயரியில் அதைக் குறித்துவிட்டு, பக்கத்தில் "பொலிஸ் இயந்திரம் பழுது" என்றும் எழுதிக்கொண்டார்.

"நீங்க வேகமாத்தான் போறீங்க" என்றாள் சுகிர்தா. "முன்னெல்லாம் அசெம்பிளிக்கு ஓடி ஓடிப் போவேன். இப்ப வாட்ச்மேனுக்கு முன்னால போய் நிக்கிறேன்."

"அது நல்ல டிரைவரோட அடையாளம். வேகம் இல்ல."

அவருக்கே குழப்பமாகத்தான் இருந்தது. ஆமை மாதிரி ஓட்டுகிறார், ஆனால் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேருகிறார். மெதுவாக ஓடினால் பெற்றோல் மிஞ்ச வேண்டும், அதுவும் மிஞ்சவில்லை. ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் புரண்டுவிட்டு, கடைசியில் தபால் கந்தோர் மூளையால் யோசித்தார். எடை கூடினால் செலவு கூடும். பார்சலுக்கு அதுதான் சட்டம், காருக்கு மட்டும் வேறா?

பாலாம்பிகை டீச்சரை இறக்கிவிட முடியாது. ஆகவே ஸ்பெயார் வீலை இறக்கினார். ஜாக்கியை இறக்கினார். டிக்கியிலிருந்த குடை, பழைய சாக்கு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வீட்டு விறாந்தைக்குப் போயின. சுகிர்தாவின் கைப்பையைக்கூட ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் திரும்ப வைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெல்தெனியவில் பின் டயர் பஞ்சர் ஆனது.

டிக்கியைத் திறந்தால் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. மழை தூறத் தொடங்கியது. சுகிர்தாவும் பாலாம்பிகை டீச்சரும் ஒரு கடையோரம் ஒதுங்கி நிற்க, ராஜலிங்கம் ஒரு த்ரீவீலைப் பிடித்து அம்பிட்டியவில் இருந்த ஸ்பெயார் வீலை எடுக்கப் புறப்பட்டார். அதை ஓட்டியவன் நிரஞ்சன் என்ற மலையகத்துப் பையன், ஹுன்னஸ்கிரிய பக்கத்தவன். வழியெல்லாம் ஐயா ஐயா என்று அன்பாகப் பேசிக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் நின்று மீட்டரைப் பார்த்ததும் அந்த அன்பு முறிந்தது.

"இருபத்தெட்டு கிலோமீட்டரா? தினமும் போற ரோடு தம்பி. பதினேழுதான்."

"ஐயா, மீட்டர்ல என்ன இருக்கோ அதுதானே."

"என் மீட்டர்லயும்தான் இருக்கு. பதினேழு. டயரியில எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப உங்க டயரியில ஏறி வந்திருக்கலாமே ஐயா" என்றான் நிரஞ்சன்.

கண்டிப் பக்கத்தில் த்ரீவீல் மீட்டரைப் பற்றிச் சந்தேகப்படாத மனிதன் யார்? ராஜலிங்கம் போவதற்கும் வருவதற்கும் இருபத்தெட்டு இருபத்தெட்டாகவே கொடுத்துத் தொலைத்தார். கொடுத்துவிட்டு, டயரியில் "த்ரீவீல் மீட்டர் மோசடி" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த நாட்டில் ஒழுங்காக வேலை செய்கிற மீட்டர் தன் காரில் மட்டும்தான் இருக்கிறது என்பது அவருக்கு நாளுக்கு நாள் உறுதியாகிக்கொண்டு வந்தது.

மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவர் ஏ.சி.யை நிறுத்தினார். கண்ணாடி திறந்திருந்தால் காற்று காரைப் பின்னால் இழுக்கும் என்று யாரோ சொன்னதால் கண்ணாடியையும் மூடினார். இரண்டாம் நாள் பாலாம்பிகை டீச்சர் வியர்த்து வழிந்தபடி இறங்கி, "நான் பஸ்ஸிலேயே வாறேன் அண்ணன். அங்க கூட்டம் இருந்தாலும் மூச்சு விடலாம். இங்க ரொக்கெட்டுல வச்சு அவிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆர்மோனியமும் அவரோடு போனது. எடை குறைந்ததே என்று ராஜலிங்கம் சந்தோஷப்பட்டார். வகுத்துப் பார்த்தால் எட்டரை. ஒரு டீச்சர், ஒரு ஆர்மோனியம், இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது அரைகூட இல்லை, வெறும் கால்.

அப்போதுதான் அவருக்கு அம்பிட்டிய இறக்கம் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்து டவுன் வரைக்கும் ஒரே இறக்கம். இறங்குகிற காருக்கு எஞ்சின் எதற்கு?

சுகிர்தாவுக்கு லீவு நாளாகப் பார்த்து, தனியாகப் புறப்பட்டு, முதல் வளைவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். கார் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஒரு சொட்டுப் பெற்றோல் செலவில்லாமல் இரண்டு வளைவு தாண்டியபோது ராஜலிங்கத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையோ ஏமாற்றி ஜெயித்த சந்தோஷம் வந்தது. மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தார். அது கல்லாக இருந்தது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்கும் பலம் இருக்காது என்பதை இன்ஷாப் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் இப்படி ஒருத்தர் செய்வார் என்று இன்ஷாபுக்குத் தெரியாது.

இரண்டு காலாலும் மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, கார் ஒரு வழியாக நின்றது. ரோட்டோரம் அடுக்கி வைத்திருந்த பலாப்பழக் குவியலுக்குள் அரை அடி புகுந்து நின்றது.

பழம் விற்ற அம்மா சத்தம் போடவில்லை. ஒவ்வொரு பழமாகத் தூக்கி, இது வெடித்தது, இது நசுங்கியது, இது பயத்தில் உருண்டது என்று பிரித்து வைத்தார். மொத்தம் பதினொன்று. பதினொன்றையும் ராஜலிங்கத்தின் டிக்கியிலும் பின் சீட்டிலும் ஏற்றினார்கள். அதே மேட்டில், அந்தப் பாரத்தோடு, கார் முதலாம் கியரில் முனகிக்கொண்டு வீட்டுக்கு ஏறியது. அந்த வாரக் கணக்கு ஏழே முக்கால். காரின் உள்ளே பலாப்பழ வாசம் அதற்குப் பிறகு போகவேயில்லை.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சுகிர்தா பலாச்சுளை ஒன்றை உரித்துக்கொண்டே, "அந்த டயரியைக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

அவர் கொடுத்தார். ஒளித்து வைக்கத் தோன்றவில்லை. முப்பது வருடமாக விடைத்தாள் திருத்திய கண் அது. ஒவ்வொரு வரியாகப் படித்தது. எட்டே கால், எட்டே கால், ஒன்பது, எட்டரை, ஏழே முக்கால். பொலிஸ் இயந்திரம் பழுது. த்ரீவீல் மீட்டர் மோசடி.

"பதினொண்ணே முக்கால்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன்?"

"நீ வளையலைக் கழட்டி வச்ச நாளிலிருந்து உன் கையைப் பார்க்க எனக்கு வெட்கமா இருக்கு சுகிர்தா. பன்னிரண்டு ஓடினாத்தான் உன் முகத்தைப் பார்க்கலாம்னு இருந்தேன்."

சுகிர்தாவுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது, அதையும் அவள் வெளியே விடவில்லை. "வளையல் போனாப் போகுதுங்க. இனிமே உங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. பொலிஸ்ல பிடிக்கிறாங்க, பலாப்பழத்துல மோதுறீங்க. வித்துடுங்க. நான் பஸ்ஸிலயே போய்க்கிறேன். மூணு வருஷம்தானே."

மூணு வருஷம்தானே என்று சொன்னவள் கதிரையிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ராஜலிங்கம் அதைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, அவரும் விடவில்லை.

சனிக்கிழமை காலை இன்ஷாப் அனுப்பி ரிஸ்மி வந்தான். தெல்தெனியவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். அவன் மனைவி றலியாவும் கூட வந்தாள். கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவள் ஓட்டுவதற்குத்தான் கார் தேடினார்கள்.

ரிஸ்மி காரைச் சுற்றி வந்தான். பம்பரைத் தடவினான். மூக்கைச் சுருக்கி உள்ளே மோப்பம் பிடித்தான். "எல்லாம் ஷோக்கா ஈக்கி அண்ணன். லீட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். பதினொண்ணே முக்கால் என்று சொல்ல ஒரு கணம் போதும். வாசல்படியில் சுகிர்தா நின்றுகொண்டிருந்தாள்.

"எட்டே கால்" என்றார். "டவுனுக்குள்ள ஏழே முக்கால். லோங் ஓட்டத்துல ஒன்பது. அதுக்கு மேல ஒரு சொட்டும் எதிர்பார்க்காதீங்க."

ரிஸ்மி அதிர்ந்துபோனான். வாகனம் விற்கிறவன் வாயால் இப்படி ஒரு எண்ணை அவன் கேட்டதே இல்லை. கொண்டுவந்த விலையில் நல்லதாக ஒரு பங்கைக் குறைத்துச் சொன்னான். சுகிர்தாவின் வளையல் நாலில் இரண்டு அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது என்று ராஜலிங்கத்துக்குத் தெரிந்தது. சரி என்றார்.

"ஆனா ஒரு கண்டிஷன் தம்பி. நாளைக்குப் பெற்றோல் குடிக்குதுன்னு சொல்லிக் காரைக் கொண்டுவந்து என் வாசல்ல நிறுத்தக் கூடாது. வித்தது வித்ததுதான். நீங்களும் திருப்பித் தரக் கூடாது, நானும் திருப்பிக் கேக்க மாட்டேன்."

"சொல்லிட்டீங்கதானே அண்ணன், போதும்."

"சொன்னாப் போதாது. எழுதுவோம்."

எழுதினார். தபால் கந்தோர் எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எக்காரணம் கொண்டும் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். காசு கை மாறியது, வாகனப் புத்தகம் கை மாறியது, சாவி கை மாறியது. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ராஜலிங்கத்துக்கு ஒரு மாதத்தில் முதல் தடவையாக மனம் இலேசானது. உண்மையைச் சொல்லி நட்டப்பட்டதில் ஒரு கம்பீரம் இருப்பதாகக்கூட அவருக்குத் தோன்றியது.

சுகிர்தா தேநீர் கொண்டுவந்தபோது றலியா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மீட்டர் கண்ணாடியின் கீழ்ப்பக்கம், கோவிலில் வாகனப் பூசை செய்த அன்று ஐயர் அழுத்தி வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து பொரிந்து கிடந்தது. சாமிப் பொட்டு என்று வீட்டில் யாரும் அதில் கை வைத்ததில்லை.

"அக்கா, இது கோவில்ல வெச்சதா? துடைச்சாப் பிழையில்லையே?"

"துடைங்கம்மா. இனி உங்க கார்தானே."

றலியா கைலேஞ்சியை நனைத்து மெதுவாகத் துடைத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள். காரின் கண்ணாடியை இறக்கி, தேநீர்க் கோப்பையோடு நின்ற ராஜலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணன், நீங்க எட்டே கால்ண்டு சொன்னது கிலோமீட்டரா? இந்த மீட்டர்ல மைல்ண்டுதானே எழுதி ஈக்கி. அப்ப கிலோமீட்டருக்குப் பார்த்தா லீட்டருக்குப் பதிமூணுக்கு மேல ஓடுமே."